மூன்று முறை கூப்பிடும் குரல்

முதலில் பனியை எடுத்தேன்.
அயல்நாட்டுக் கதை, மலை முழுக்கப் பனி.
அந்த இடத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி.
தனி மை வேண்டாம், தாளின் வெள்ளையே போதும் என்றது
செவ்வாய்ப்பேட்டை அச்சகம்.
ஓநாய் காட்டெருமையானது.
ரோமக் கோட்டுக்குப் பதில்
முழங்கை நைந்த பள்ளிக்கூட ஸ்வெட்டர்.
இளவரசியை அடித்துவிட்டு
மிளகு பறிப்பவரின் மகள் என்று எழுதினேன்.
ஓவியர் செங்கோடனுக்கு அவள் நிறம் கூட்ட
இரண்டு நாள்.
"நம்ம புள்ளையாக்கிட்டோமுங்க" என்றார்.
நானும் நம்பினேன்.

கதையை மட்டும் தொடவில்லை:
மலை ஏறுகிறவரைப் பின்னாலிருந்து
ஒரு குரல் மூன்று முறை கூப்பிடும்.
திரும்பியவர் கல்.

ஏற்காட்டில்,
காது கேளாத எட்டுப் பிள்ளைகள் முன்
நான் வாசிக்க வாசிக்க
அல்போன்சா டீச்சர் கைகளால் சொன்னார்.
குரல் வந்த இடத்தில்
நாகலூர் மாதேஸ்வரி படத்தில் விரலை வைத்தாள்:
இவளுக்குக் கேட்குமா?

பார்த்தேன்.
இரண்டு காது, இரண்டிலும் தோடு.
கேட்கும் என்றேன்.
புத்தகத்தை மூடி நீட்டினாள்,
அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக்
கழுவித் திருப்பித் தருவதுபோல.

இருபது வளைவிலும் ஹாரன் அடித்தபடி
பஸ் இறங்கியது சேலத்துக்கு.

மறுபடி எழுதினேன்.
குரல் கூப்பிடுகிறது, மூன்று முறை, முப்பது முறை,
தொண்டை கட்டிப்போகிறது அதற்கு.
இவள் கீழே விழுந்த ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டு
பாட்டுக்கு ஏறுகிறாள்.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
அடுத்த வாரம் எடுத்துப் போனேன்.

மாதேஸ்வரி சிரிக்கவில்லை.
மேலே போய்,
யாரோடு பேசுவாள்?

பதிலில்லை என்னிடம்.
அவளே பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.
வழியெல்லாம் கல்லாய் நிற்கிறவர்கள்.
திரும்பிய வாக்கில், பாதி தூக்கிய கையோடு.
அந்தக் கைகளைத் தொட்டுக் காட்டினாள்.

பதினாறு பக்கத்துக்கு மேல் கட்டாது என்கிறார் பதிப்பாளர்.
இன்னும் நான்கு கேட்டிருக்கிறேன்.

செங்கோடன் இப்போது
கல்லுக்கு விரல் வரைகிறார், ஒவ்வொன்றாக.
போட்டோ எடுத்து மலைக்கு அனுப்புகிறோம்.
திருத்தம் வருகிறது:
மூன்றாவது கல் 'வா' என்று சொல்லவில்லை,
'சோறு' என்கிறது.

அழிக்க ரப்பரை எடுத்தார்.
அதற்குள் இன்னொரு செய்தி:
இருக்கட்டும்.
அவ்வளவு தூரம் ஏறி வந்தவளுக்குப்
பசிக்கும்.