பதினெட்டு மீட்டர்

முதலில் மரம்.
அல்பீசியா வேண்டாம் என்றான் ரஸீஃப்.
நெட்டையாய் நின்று நம்பிக்கை காட்டும்,
ஒரே ஒரு சுமத்ராக் காற்றுக்குக் கையை உதறிவிடும்.
தெம்புசுதான் பிடித்தோம்.
அதன் பட்டையில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு.
நாலரை மீட்டரில்
ஒரு பலகை, இடுப்பு வார், இரும்புக் கொக்கி,
அப்புறம் நான்.

இன்னும் மேலே போகலாமே என்றார் கெங் ஹுவீ.
போகலாம்.
உயர உயர மான் ஒடுங்கிப்போகும்.
விலா மறையும், தொடை மறையும்,
முதுகெலும்பு மட்டும் ஈரக்கோடாய் நீளும்.
எனக்கு வேண்டியது பின்தொடை,
அதில் ஒரு கையகலம் சதை.
மயக்க ஊசி எலும்பில் பட்டால்
உதவ வந்தோம் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.
தடம் இடப்பக்கம் இருக்கட்டும்,
வலக்கைக்காரி எழாமலே திரும்பலாம்.
கண்ணெதிரே ஆடிய ஒரு சிறு கிளையை வெட்டினேன்.
இன்னொன்றை வெட்டவில்லை,
முகத்துக்கு அது வேண்டும்.
பதினெட்டு மீட்டரில் ஒரு பனைத்தாளில்
மஞ்சள் நாடா கட்டிவிட்டு வந்தான் ரஸீஃப்.

பிறகு சொன்னான்:
வேனி, அதுக்கு இடது கண் தெரியாது.
கட்டுமான இடத்துப் பச்சை வலை
கொம்பில் சுற்றி
அந்தப் பக்கம் முழுக்கத் தொங்குகிறது.
அந்தப் பக்கமாக உட்கார்.

உயர்நிலை இரண்டில்
மறைந்து நின்று எய்தது அறமா என்று பட்டிமன்றம்.
அறமில்லை என்ற அணியில் மூன்றாவது பேச்சாளர் நான்.
மேசையைத் தட்டிப் பேசிக்
கோப்பை வாங்கினோம்.

அந்தப் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆறு ஐம்பது.
மண்டாய் சாலையின் லாரிகள்
மரங்களுக்கு அப்பால் வயிறு இரைவதுபோல.
கொசு கழுத்தில்.
தெரியாத்தனமாய் மத்தியானம் பூசிய கோடாலித் தைலம்
இப்போது நினைவுக்கு வருகிறது.
வெயில் தாழ்ந்தால் காற்று இறங்கும்,
நம் வாசனையையும் கூட்டிக்கொண்டு இறங்கும்.
கீழே ஒவ்வோர் இலையிடமும்
என்னைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

வந்தது.
தடத்தில் அல்ல.
என் மரத்துக்குப் பின்னாலிருந்து,
என் காலுக்கு நேர் கீழே.
ஈரமுதுகு. கொம்பின் நடுவில் சிக்கிய வலை,
வலையில் ஒரு காய்ந்த மாம்பூ இலை,
ஒரு சிமெண்டுக் கட்டி.
இவ்வளவு அருகில் கோணமே இல்லை.
அளந்து வைத்த அத்தனையும் நாடாவோடு அங்கே,
மான் இங்கே.

மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.
காதோரக் கருவியில்
கேக்குதா, வேனி, கேக்குதா என்கிறது சன்னமாய் ஒரு குரல்.
மான் காதை மட்டும் திருப்பியது.
முன்காலால் ஒருமுறை மண்ணை அடித்தது.
ஓடவில்லை.

நடந்தது.
அவசரமில்லாமல், கணக்குத் தெரிந்ததுபோல்,
மஞ்சள் நாடா வரை போய்த்
திரும்பி நின்றது.
தெரிகிற கண் என் பக்கம்.

மூன்று எண்ணினேன் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
எண்ணவில்லை.
காற்றுத் துப்பாக்கியின் ஓசை
குளிர்பான டின்னைத் திறப்பது போல அற்பமானது.
பின்தொடையில் இளஞ்சிவப்புக் குஞ்சம்.
காடு ஒருமுறை கிழிந்து மூடிக்கொண்டது.

பதினோரு நிமிடம்.
டார்ச் வெளிச்சம், பெரணிகள், படுத்திருந்த உடம்பு.
கண்ணுக்குத் துணி கட்டினார் கெங் ஹுவீ.
வலையை அறுக்க மூன்று கத்தரி தேவைப்பட்டது.
அடியில் தோல் வெந்ததுபோல் இருந்தது, மணந்தது.
மாற்று ஊசி போட்டு விலகி நின்றோம்.
எழுந்தது, தள்ளாடியது,
இரண்டு கண்ணாலும் ஒன்றையும் பார்க்காமல் போனது.

பலகையைக் கழற்ற வேண்டும் என்று
மறுநாள் காலை தனியே போனேன்.
மஞ்சள் நாடாவில் நின்று
அண்ணாந்தேன்.
விட்டுவைத்த கிளை எதையும் மறைக்கவில்லை.
பலகை, வார், கொக்கி,
நான் உட்கார்ந்து தேய்த்த இடம்,
எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.