அடித்த சொல்

பழைய வண்ணாரப்பேட்டையில் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங்.
வெஸ்லி இன்பநாதன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கையெழுத்தில்.
கடவுள் என்று வந்த இடமெல்லாம்
குறுக்கே ஒரு கோடு.

திருத்தம் என்று நினைத்து
எல்லாவற்றையும் நீக்கியே அடித்துவிட்டேன்.
பேசினார். பேசாதிருந்தார். அன்பாயிருக்கிறார்.
எழுவாய் போன பிறகும் வாக்கியங்கள் ஓடின.
தமிழில் அது ஒரு வசதி,
விகுதி ஆளைப் பிடித்து வைத்திருக்கும்.

புரூஃப் பார்த்தவர் நெற்றியில் கை வைத்தார்.
அந்தச் சொல் போதாது மேடம், அதனால் அடித்தேன்.
அது இல்லாமலும் ஆகாது, அதனால் விட்டேன்.
அடித்தபடியே அச்சில் வரணும்.
இதைச் சொல்லி முடிக்க இரண்டு டீ.
ஒவ்வொன்றாய்த் தேடி, செருகி, கோடு போட
ஐநூறு ரூபாய் கூடக் கேட்டேன்.

பாதி முடிந்த ஒரு சாயங்காலம்,
மணலி வாடை தெருவுக்குள் இறங்கும் நேரம்,
காசிமேட்டிலிருந்து செல்வமேரி வந்தாள்.
போஸ்டர் அடிக்கணுங்கா.
(எங்கள் தொழிலில் அந்த வினைக்கு
பதிப்பது, நீக்குவது, இரண்டும் பொருள்.)
போட்டோவில் நாகூரான், கட்டம்போட்ட சட்டை.
எண்ணூருக்குக் கிழக்கே படகு கவிழ்ந்து
பதினாறு நாள்.

எந்த முறைப்படி போடுவது என்றேன்.
பேரு நேர்ந்துக்கினு வச்சது தர்காவுல.
கும்புட்டது கன்னிம்மா.
தாலி கட்னது மாதா கோயில்ல.
நீயே சொல்லு.

தயாராய் வைத்திருக்கும் வரிகளைப் படித்தேன்.
கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.
இயற்கை எய்தினார்.
இறைவனடி சேர்ந்தார்.
கடைசியில் நிறுத்தச் சொல்லி
திரைமேல் நகத்தை வைத்தாள்.
சேர்ந்தார்னு எப்டிக்கா போடுவ?
கரைக்கே வந்து சேர்லியே.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
பழக்கத்தில் கை கோடு போடப் போனது,
வேண்டாமென்று எடுத்துக்கொண்டேன்.
காலியா வுட்டா அவங்கம்மா என்ன கேக்கும்,
என்றாள், என்னிடம் இல்லை.

நாகூரான், வயது நாற்பத்தொன்று
இறைவனடி
அவ்வளவுதான். அதன்பின் வெள்ளை.
ஐம்பது பிரதி எண்ணி வாங்கிப் போனாள்,
பசை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வார்களாம்.

மறுநாள் வந்த வெஸ்லி
மிஷின்மேல் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார்.
பயனிலை விட்டுப்போயிருக்கே மேடம்.
பாக்கெட்டிலிருந்து பென்சில் வந்துவிட்டது.

அது அப்படியே இருக்கட்டும் சார்.

அவர் பக்கங்களில்
நூற்று நாற்பது கோடு இன்னும் பாக்கி.