ஆறு முழச் சரிகை

பால்மா ரின்களில் நெல் தூவிப்
பன்னிரண்டு நாள் தண்ணீர் காட்டினேன்.
மழை மூடிய மார்கழி.
வெயில் துண்டு விழுந்த இடத்துக்கெல்லாம்
கோயில் விறாந்தையில் ரின்களைத் தூக்கித் திரிந்தேன்.
பாட்டுக்குழுப் பெட்டைகள் பார்த்துச் சிரித்தார்கள்.
ஒரு சாண் வளர்ந்தது பெத்லகேம்.

சீமெந்துப் பேப்பரைக் கசக்கிக் கரி பூசினால் மலை.
உடைந்த கண்ணாடி குளம்.
கழுதைக்கு இடது காது இல்லை,
போன நத்தாருக்கே ஒட்டியிருக்க வேண்டும்.
வைக்கோல் கந்தளாயிலிருந்து வந்தது.
லொறிக்கார முபீஸ் கூலி வாங்கவில்லை,
"உங்கட பாலன் படுக்கத்தானே" என்றான்.
கூரை விளிம்புக்கு வெள்ளிச் சரிகை, ஆறு முழம்,
முழம் அறுபது ரூபாய்.

இருபத்திநாலாம் திகதி இரவு,
சாமப்பூசைக்கு முன்னம்
ஒரு தேத்தண்ணி குடித்து வந்த பத்து நிமிடத்தில்
பெத்லகேமை மான் மேய்ந்துவிட்டது.

கோட்டைப் பக்கத்து மான்தான்.
பஸ் நிலையத்தில் படுக்கும்,
மரக்கறிக் கடையில் கடன் சொல்லாமல் தின்னும்,
ஹோர்ன் அடித்தால் திரும்பி நம்மைப் பார்க்கும்,
நாம்தான் வந்தேறிகள் என்பதுபோல.
நெல் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.
இடையன் ஒருவன் குப்புறக் கிடந்தான்.
சூசையப்பர் ஒன்றும் பேசவில்லை,
அவர் எப்போதுதான் பேசினார்.

தடி எடுத்தேன்.
கோயில் முற்றம் என்றும் பாராமல்
வாயில் வந்ததைச் சொன்னேன்.
பிறகுதான் கூரையைப் பார்த்தேன்.
சரிகை இல்லை.

ஐப்பசியில் கடற்கரையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது.
மிருக வைத்தியர் வயிற்றைத் திறந்து
ஒரு வாளி பொலித்தீன் எடுத்தார்.
சுற்றி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன்.
வீடு வரும் வழியில்
லஞ்ச் சீற்றைக் கானுக்குள் எறிந்தவனும் நான்தான்.

தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு
ரோர்ச்சை எடுத்தேன்.

டச்சுக்குடாவில் கடல் தலைவிரித்து இரைந்தது.
பூட்டிய கடைகளின் படி படியாய் அடித்துப் பார்த்தேன்.
காவலுக்கு நின்ற பொலிஸ் பொடியன்
உடைந்த தமிழில் கேட்டான்:
"என்ன தேடுறது?"
"மான்."
"எந்த மான்?"
"வெள்ளி தின்ற மான்."
குடித்திருக்கிறேனா என்று முகர்ந்தான்.
பிறகு என்ன நினைத்தானோ,
தன் ரோர்ச்சையும் அடித்துக்கொண்டு கூட வந்தான்.

பாலன் பிறந்ததற்கு மணி அடித்தபோது
நாங்கள் மீன் சந்தைக்குப் பின்னால் நின்றோம்.
தகரத்தின் கீழ் பதினொரு மான், ஈரம் ஆவியாக.
நடுவில் நின்ற கலைமானின் கொம்பில்
சரிகை முழுக்கச் சுற்றிக் கிடந்தது.
அது தலையை அசைக்க
மழை அத்தனையும் ஒருகணம் வெள்ளி.

என் பெயருக்குரிய புனித எஸ்தாக்கியார்
காட்டில் ஒரு மானின் கொம்புகளுக்கு நடுவே
சிலுவையைக் கண்டாராம்.
எனக்கு வாய்த்தது முழம் அறுபது ரூபாய்.
முழந்தாளிடத் தோன்றவில்லை.
கண்ணாலேயே முழம் போட்டேன்.
ஐந்தரை.
திரும்பப் போட்டேன். ஐந்தரை.
மிச்ச அரை முழம் கூரை ஆணியில் தொங்கியதை
விடிந்தபின்தான் கண்டேன்.
பொடியன் தொப்பியைக் கழற்றி
மழைநீரை உதறிவிட்டு
"நத்தால்" என்றான். வாழ்த்தோ, கேள்வியோ.
"ஓம்" என்றேன்.

வீட்டில் யூலியானா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.
மொட்டை நெல்லுக்கு நடுவே பாலனைக் கிடத்தினார்களாம்.
அறுத்த வயல்போல் இருந்ததாம்,
பாதருக்கு அது மிகவும் பிடித்துப்போனதாம்.
"உங்களத்தான் பூசையில காணேல்ல."
"பின்னால நிண்டனான்" என்றேன்.
இரட்சகர் பிறந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

என் செருப்பைப் பார்த்தாள்.
சேறு, மீன் செதில்.
ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டை நீட்டினாள்.
பேக்கரியில் தட்டு மாறியிருந்தது,
பிராண்டி தூக்கலாய், யார் வீட்டுக் கேக்கோ.
இன்னொரு துண்டு கேட்டேன்.