நடுக்கோடு

உவரிக் கடலில் ஆறு பாகத் தண்ணீரில்
முனை மணலுக்குள், விளிம்பு மணலுக்கு மேல்.
கிஸ்பர் மோத்தா அதைக் காலறுப்பான் என்கிறார்.
சங்கு குளிக்கப் போனவர்.
அவர் கணுக்காலில் மூன்று இடத்தில்
அந்தப் பெயர் எழுதியிருக்கிறது.

என் பதிவேட்டில் காலுக்குக் கட்டம் இல்லை.
தொகுதி மெல்லுடலிகள். வகுப்பு,
இருவோட்டு உயிர்கள் என்று நான் வாசிக்க,
"வகுப்புன்னா தாசில்தார்ட்டல்லா கேக்கணும்?" என்கிறார்.
வரிசையில் கொஞ்சம் குழப்பம்.
பழைய புத்தகம் ஓரிடத்தில் உட்காரவைத்ததைப்
புதிய புத்தகம் எழுப்பி
முத்துச்சிப்பிகளின் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது,
பந்தியில் செய்வதுபோல.
குடும்பம் பின்னிடே.
அதற்குமேல் பேனா நகரவில்லை.

பின்னாவா? அட்ரினாவா?
உட்புறம், முத்துப்பூச்சின் நடுவில்
நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடினால் பின்னா.
ஓடாவிட்டால் அட்ரினா.
முதுகுப் பக்கம் தடவிப் பார்த்தேன்;
பாசியும் கொட்டலசும் பஞ்சுயிரும் மூடி
முதுகே இல்லை.
உள்ளேதான் பார்க்க வேண்டும்.

பெயிண்ட் வாளியில் சாய்ந்து கிடக்கிறது,
முழங்கை நீளம், புகைபிடித்த கண்ணாடி நிறம்.
கூர்நுனிப் பக்கம் ஒரு கொத்துப் பழுப்புப்பொன் நூல்.
நூல் ஒவ்வொன்றின் கடைசியிலும்
ஒரு பொடிக்கல், ஒரு சங்குத் துண்டு,
எதுவோ ஒன்றின் பல்.
"நாலு மட்டம் இழுத்தேன், விடமாட்டேன்னுட்டு."

விளிம்பு உடைந்து வளர்ந்து உடைந்து வளர்ந்து
தைத்துத் தைத்துப் போட்ட பாவாடைபோல் இருக்கிறது.
மீன் கடிக்கும், நங்கூரம் இடிக்கும்,
உள்ளிருந்து மென்மடிப்பை நீட்டி
உடனே கரை கட்டத் தொடங்கும்.
உடைந்த சில்லைத் தள்ளி வெளியேற்றவென்றே
இந்தக் குடும்பத்துக்கு ஓர் உறுப்பு உண்டு.
வேறெந்தச் சிப்பிக்கும் கிடையாது.
அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

அகலப் பக்கம் முழுதாய் மூடாது.
அந்த இடைவெளியில் ஓர் இறால் எட்டிப்பார்த்தது.
கண்ணாடி உடம்பு, வயிற்றில் செம்மஞ்சள் முட்டை.
பின்னால் அதில் பாதி அளவில் கணவன்.
ரேஷன் கார்டில் இருப்பதுபோல்
உடன் வசிப்போர் என்று ஒரு பத்தியாவது
அச்சடித்திருக்கலாம்.

"திரும்ப நட்டா நிக்குமா?"
மோத்தாதான் கேட்டார்.
சின்னதென்றால் தானே புதைந்துகொள்ளும்,
இந்த வயதில் தெரியாது என்றேன்.
படுத்துக் கிடக்கும்போதே
நண்டு வந்துவிடும் என்பதைச் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியாததா.

கத்தியை அந்த இடைவெளி வழியாகவே விட்டேன்.
பின்பக்கத்துப் பெரிய தசை,
இட்லித்துண்டுபோல வெள்ளை,
முதலில் இறுகியது, அப்புறம் விட்டது.
சதையை ஒதுக்கினேன்.

இருந்தது கோடு.
நகத்தால் கீறியதுபோல மெலிசாக.
நான் பின்னா என்று எழுதும் நேரத்தில்
இறால் இரண்டும் வாளியை ஒரு சுற்று சுற்றிவிட்டு
எங்கே நுழைவதென்று தெரியாமல்
முழுக்கத் திறந்து கிடந்த வீட்டுக்குள்
ஒண்டப் பார்த்தன.

தசையை மோத்தா வறுக்க எடுத்துக்கொண்டார்.
வாளித் தண்ணீரை, இறாலோடு,
அலை திரும்பும் நேரம் பார்த்து ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயில் கூட்டம்.
திசையன்விளை வரை நின்றுகொண்டு வந்தேன்.
நாங்குநேரி தாண்டி இடம் கிடைத்தது.
மடியில் செய்தித்தாள் பொட்டலம்.
தசை போனாலும் முதுகோரத்துக் கீல் வேலை செய்கிறது;
பாளையங்கோட்டை வரை
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
தாளுக்குள் கொஞ்சம் திறந்தது.
நான் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன்.