நான்காம் கதிரை

சீனன்குடாவில், பழைய எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால்
காடு வெட்டிய வெளியில் எங்கள் கொட்டகை.
உள்ளே கப்பலின் நெற்றி மட்டும்.
மிச்ச உடம்பு மேலே,
பூமியைச் சுற்றியபடி காத்துக் கிடந்தது.

ஆறு கதிரைகள்.
முதலாவது சுக்கான். அடுத்தது வழி பார்க்க.
மூன்றில் உலை. ஐந்தில் பேச்சு.
ஆறாவது எதற்கென்று எனக்குச் சொல்லவில்லை,
அதன் பலகத்துக்குப் பூட்டு.
நான்காவது மூச்சு:
நூற்றிப் பன்னிரண்டு பேரின் நெஞ்சுக்கூடு
ஒரே திரையில் பச்சைக் கோடாய்
ஏறும், இறங்கும்.

என் வேலை உட்காருவது.
ஆட்கள் வருமுன் ஒவ்வொன்றிலும் ஏறி
வார் இறுக்கி, கை நீட்டி,
எது எட்டுது, எது எட்டேல்லை என்று எழுதுவது.
சம்பளச் சீட்டில் இதற்கு நீளமான பெயர்.
உப்புவெளியில், வீட்டில், புருஷன் சொல்வார்:
"சும்மா இருக்கிறதுக்கும் காசு குடுக்கிறாங்கள்."

கதிரைகள் வந்த பெட்டிகளில் எந்த நாட்டு எழுத்தோ.
எந்த நாட்டு நெடுங்கைகளுக்கு அளந்தவையோ.
நான்காவதில் அந்தச் சிவப்பு நெம்பு,
எல்லாம் கைவிட்ட பிறகு இழுக்கிற கடைசி வால்வு,
என் நடுவிரலுக்கும் அப்பால்
மூன்று விரற்கடை தள்ளி நின்றது.

எழுதினேன்.
தொண்ணூறு வீதமானோருக்கு எட்டும் என்று பதில்.
திரும்ப எழுதினேன்.
தங்கள் கரிசனைக்கு நன்றி.

பிறகு மிச்சப் பத்து வீதம்
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்தது.
பேர் நிஸ்மியா.
முக்காட்டின் மேல் தலைக்கவசம் சரிபார்த்து,
"மூச்சுக் கதிரை எனக்குத்தான்" என்றாள்.
என்னைவிட ஓர் அங்குலம் கட்டை.
வாரை இறுக்கிவிட்டு, "நீட்டுங்கோ" என்றேன்.
நீட்டினாள், தோள் வாரை அறுக்குமட்டும்.
"கொஞ்சம் எக்கினால் எட்டும் அக்கா."
எழும்பும் நேரம் உடம்பு நாலு மடங்கு பாரம்,
எக்க ஏலாது பிள்ளை
என்று சொல்ல வாயெடுத்து
வாரைத் தளர்த்தினேன்.

அன்றிரவு கச்சான் அடித்துத் தகரம் கிலுகிலுத்தது.
காவலுக்கு நின்ற சோமவீர
ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.
நாலு திருகாணி. புதிதாய் நாலு துளை.
வயரில் ஒரு சாண் மிச்சம் இருந்தது,
யாரோ முன்யோசனைக்காரன்.
பழைய துளைகளைக் கறுப்புப் பசையால் அடைத்தேன்.
காலையில் தந்த தாளில்
'மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை' என்றிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

நெற்றியைத் தூக்கிப்போன நாள்
கோணேசர் மலை முழுக்கச் சனம்.
கோட்டை மான்கள் வெருண்டு
ஐஸ்கிரீம் வானுக்குக் குறுக்கே பாய்ந்தன.
பாறை விளிம்பில் கைதட்டினார்கள்.
நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மூன்றை.

இப்போது கொட்டகையில் இருப்பது மாதிரி நெற்றி.
அதே ஆறு கதிரைகள்.
மேலே எதை அமுக்கினாலும்
இங்கே அதன் விளக்கு எரியும், பிந்தி.
முதலில் விநாடிகள் பிந்தியது. பிறகு நிமிடங்கள்.
இப்போது நாற்பத்தொரு நிமிடம்.

நேற்று மத்தியானம்,
பானும் பருப்பும் பிசைந்துகொண்டிருக்க
நான்காம் கதிரையில் சிவப்பு எரிந்தது.
வரைபடம் சொன்ன இடத்தில்,
அதாவது பிழையான இடத்தில்.

பயிற்சியோ, ஆபத்தோ,
யாருடைய முழங்கையோ பட்டதோ.
ஐந்தாம் கதிரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.
கை கழுவாமல் ஓடிப்போய் உட்கார்ந்து
வார் இறுக்கி
நீட்டினேன்.
எட்டவில்லை.

விளக்கு எரிந்தது, எரிந்தது,
பிறகு அணைந்தது.
அணைந்ததென்றால்
யாரோ அதைத் திருப்பித் தள்ளியிருக்க வேண்டும்.
நாற்பத்தொரு நிமிடத்துக்கு முன்.
என் விரல்களில் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது.