போறன்

எம்ரிஸின் கோப்பு, முதல் பக்கம், சிவப்பு மை:
ஆபத்தானவர். தனியே அறைக்குள் போகவேண்டாம்.
அதன் கீழே, பென்சிலில்:
தேநீர், மூன்று சீனி.

சுவான்சி. டவுன்ஹில் ஏற்றத்தில் வீடு.
பஸ்ஸே இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும்.
ஐம்பத்திரண்டு வயது, பேச்சில்லை.
யன்னலோரம் நின்று
கடற்பறவைகளை விரலால் எண்ணுவார்,
அல்லது எண்ணுவதாக நான் நினைத்தேன்.
பின்னேரம் இரண்டே முக்காலுக்குக் கோப்பை பறக்கும்.

ஒவ்வொரு நாளும் என்றாலாவது பரவாயில்லை.

முன்பெல்லாம் இரண்டு பேர் தோளைப் பிடித்துத்
தரையில் அமர்த்துவார்களாம்.
அந்த நாட்களின் தாள்களும் கோப்பில் உண்டு.
நேரம் மட்டும் துல்லியம்.

கோபம் வந்து எறிந்தார் என்று எழுதினேன்.
கார்டிஃபிலிருந்து வந்த டெலித்
கோபம் என்ற சொல்லை வெட்டினாள்.
இதை எங்கே கண்டாய்?
கண்டதை எழுது.
முன்னால் என்ன. நடந்தது என்ன. பிறகு என்ன.
மூன்று கட்டம், ஒரு தாள்.

எழுதினேன்.
மழை. வானொலி. பக்கத்து வீட்டு நாய்.
கோப்பை, இடது கை, சுவர்.
துடைத்தேன். வேறு தேநீர் கொடுத்தேன்.
மூன்றரைக்கு வெளிக்கிட்டேன்.

ஆறு கிழமை கழித்துத் தாள்களைச்
சமையலறை மேசையில் பரப்பினோம்.
மழை இல்லாத நாளிலும் கோப்பை.
நாய் செத்த பிறகும் கோப்பை.
டாடெக் வேலை செய்த நாட்களில் மட்டும்
ஒரு துண்டுகூட உடையவில்லை.
டாடெக்! சப்பாத்துக்காலோடு வரவேற்பறைக்குள் நின்று
நான் போகிறேன், வெள்ளி வருவேன் என்று
கத்திவிட்டுப் போகிற முரடன்.

நானோ அவர் மனம் நோகக்கூடாதென்று
கோட்டைச் சமையலறையில் மாட்டி
பறவை பார்க்கிற நேரமாய்ப் பார்த்து
பின்கதவால் போகிறவள்.
கதவோடு மெல்ல, போயிட்டு வாறன்.

டெலித் எதுவும் சொல்லவில்லை.
மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்து
கீழே, கீழே இழுத்தாள்.
மூன்றரைக்கு. மூன்றரைக்கு. மூன்றே முக்காலுக்கு.
என் வேலை மூன்றுக்கு முடியும்.
ஒரு கோப்பைக்கு அரை மணித்தியாலம்
நான் நின்றிருக்கிறேன்,
முழங்காலில், துணியோடு, அவர் பக்கத்தில்.
என் கையெழுத்தில்தான் இருந்தது எல்லாம்.

ஜிப் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்.
அதற்குப் பின் வருகிற முணுமுணுப்பும்.
அதற்கு என்ன அர்த்தம் என்றாள் டெலித்.
போய், வருகிறேன்.
இரண்டில் எது இன்றைக்கு மூன்று மணிக்கு உண்மை?

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
வாசலில் யாரும் தனியே விட்டதில்லை.
அபசகுனம். வாறன் எண்டு சொல்லு என்பார்கள்.
வாறன் என்று சொல்லிப் போன
எத்தனை பேரை எனக்குத் தெரியும்.

பலகை ஒன்று கொழுவினோம்.
என் படம், டாடெக்கின் படம், கிழமையின் ஏழு நிறங்கள்.
கோட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன்.
நாக்கு இரண்டு தரம் புரண்டது.
போறன், என்றேன்.
வியாழனின் நிறத்தைத் தொட்டுக் காட்டினேன்.
என் படத்தைப் பிடுங்கிக்
கம்பளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
கோப்பை கையிலேயே இருந்தது, பாதித் தேநீரோடு.

எல்லா நாளும் இப்படி இல்லை.
நத்தாருக்கு ஆள் மாறியபோது
இரண்டு கோப்பையும் ஒரு மணிக்கூடும்.
சிவப்பு மையை இன்னும் யாரும் அழிக்கவில்லை.
தோளை மட்டும் யாரும் தொடுவதில்லை.

போன செவ்வாய், சொல்லிவிட்டுப் போனவள்
குடையை மறந்து திரும்பி வந்தேன்.
பையிலிருந்து என் படத்தை எடுத்தார்.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
போய் வாசற்கதவைத் திறந்து பிடித்தார்.

கோபமா, தெரியாது.
கதவு, வலது கை, மழை உள்ளே வந்தது
என்று எழுதினேன்.