அவசரமில்லாத நோய்

செவனம்மாவின் கண்ணில் வலி இல்லை.
வலித்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.
பாஸ் விண்ணப்பத்தில் மூன்றே கட்டங்கள்:
திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம்.
இவளுக்கோ கண்ணில் நீர் அழுத்தம்.
ஒன்பது வருஷமாக எங்களோடு
ஒரே சட்டியில் சாப்பிடுகிற நோய்,
அதை எந்த வாயால் அவசரம் என்பது?

ஆனாலும் சொன்னோம்.
மளிகைக்கடைப் பையன் டிக் அடித்தான்.
ஓடிபி திருப்பூரிலிருக்கும் மகனுக்குப் போனது.
அவன் நாலாவது எண்ணைச் சொல்வதற்குள்
மேகம் இறங்கி இங்கே சிக்னல் போனது.
இரண்டாம் முறை, நிராகரிக்கப்பட்டது.
மூன்றாம் முறை, மருத்துவர் கடிதம் இணைக்கவும்.
மருத்துவர் கோயம்புத்தூரில்.
கடிதம் வாங்கப் போக பாஸ் வேண்டும்.

சொட்டு மருந்தைக் குளிரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள்.
ஜன்னல் கட்டையில் வைத்திருந்தோம்,
கோத்தகிரிக் குளிருக்குக் கரண்ட் பில் கிடையாது.
ஏப்ரல் பாதியில் தீர்ந்துவிட்டது.
பஜாரில் கேட்டேன். "கீழேயிருந்து சரக்கு ஏறலைங்க."
அப்புறமும் அவள்
ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணாந்து
காலி பாட்டிலைப் பிழிந்தாள்.
"காத்து வருது, குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

வாரம் ஒருதரம் லயத்துக்கு வந்தாள் பிரமிளா,
முகத்துக்கு முன் கண்ணாடித் தகடு மாட்டிக்கொண்டு.
நெற்றிக்குத் துப்பாக்கி, விரலுக்கு கிளிப்.
காய்ச்சல்? இல்லை.
இருமல்? இல்லை.
வாசம் தெரியுதா? தெரியுது.
"தொண்ணூத்தேழு. நல்லா இருக்கீங்கம்மா."
"கண்ணு வந்து..." என்றேன்.
"அதுக்கு இதுல இடமே விடலைங்கய்யா" என்று
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள்.
குற்றம் சொல்ல மாட்டேன், எட்டு லயம் நடந்து வந்த பிள்ளை.
போகும்போது கதவில் ஒரு தாள் ஒட்டினாள்:
அறுபதுக்கு மேற்பட்டோர் வெளியே வர வேண்டாம்.

பார்வை நடுவிலிருந்து போகவில்லை,
ஓரத்திலிருந்து போனது,
கரையான் அரித்த வேட்டி மாதிரி.
தட்டின் இடப்பக்கத்தில் பீன்ஸ் பொரியல் அப்படியே இருந்தது.
பேசாமல் தட்டைத் திருப்பி வைத்தேன்.
ஒருநாள் குடத்தோடு குழாயடிக்குப் போனவள்
வேலியோரம் நின்ற காட்டெருமையைப் பார்க்கவில்லை.
அது மூச்சு விட்ட பிறகுதான் நின்றாள்.

எழுபத்தொன்றில் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது
ஒரே தாளில் அவள் வீட்டார் ஒன்பது பேர்.
மண்டபம் முகாமில் வரிசை.
நாக்கை நீட்டச் சொன்னார்களாம், அப்புறம்
கேட்காமலேயே ஒவ்வொருவர் இமையையும்
மடித்துப் பார்த்தார்களாம்.
"அப்ப எனக்கு கண்ணுல ஒண்ணுமில்ல" என்றாள்,
ஏதோ வீணாய்ப்போன சலுகையைப் பற்றிச் சொல்வதுபோல.

கடைசியில் காரட்தான் கைகொடுத்தது.
அதற்குப் பாஸ் இருந்தது.
அத்தியாவசியம் என்று முன்கண்ணாடியில் ஒட்டி
மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது தினம் ஒரு லாரி.
சம்சுதீன் அவளை முன்சீட்டில் ஏற்றினான்.
நான் பின்னால், மூட்டைகளின் மேல்,
தார்ப்பாயைத் தலைவரை இழுத்துக்கொண்டு.

குஞ்சப்பனையில் தடுப்புக்கம்பு.
"யாருய்யா இது?"
"கிளீனர் சார்."
அறுபத்தேழு வயதுக் கிளீனரின் முகத்தில்
டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.
அவள் வேறெங்கோ பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறாள்.
"மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்கம்மா."
கம்பு உயர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தரையெல்லாம் மஞ்சள் வட்டங்கள்.
விசில் வைத்திருந்த பையன் கத்தினான்:
"அம்மா, வட்டத்துக்குள்ள நில்லுங்க!"
செவனம்மா நேராகப் பார்த்தபடி
காலால் தரையைத் தடவினாள்.
ஐம்பத்துமூன்று நாள், மனதுக்குள் எண்ணினேன்.
"எந்த வட்டம்?" என்று
என்னிடம் கேட்டாள்,
நான் நிற்காத பக்கமாகத் திரும்பி.